கையொப்பத்தின் வலிமை: பீஸ் கோர் வரலாறு தரும் பாடம்

 

சென்ற மாத ஞாயிறு வகுப்பில், வெளிநாடுகளுக்குச் சென்று கல்வி, மருத்துவச் சேவை செய்யும் தொண்டர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட சில திட்டங்களுக்கு அரசாங்கமே பணம் தருகிறது என்றும், அந்தப் பணம் நின்றுவிடாமல் இருக்கப் பொதுமக்கள் ஆண்டுதோறும் மனுப்போடுகிறார்கள் என்றும் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் எழுந்து கேட்டார்: “மாமா, சேவை என்பது அல்லாஹ்வுக்காகச் செய்வது. அதற்குப் போய் அரசாங்கத்திடம் ஏன் கைநீட்ட வேண்டும்?”

நல்ல கேள்வி. அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே இம்மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற தொண்டர் திட்டத்தின் வரலாற்றை வைத்து இதைப் பார்ப்போம். சாதாரணக் குடிமக்கள் கேட்டுப் பெற்ற திட்டம் அது. அவர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் இன்றும் நிற்கிறது.

பீஸ் கோர் என்பது என்ன?

தமிழில் சிலர் இதை ‘அமைதிப் படை’ என்று எழுதுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் 1987இல் இலங்கைக்குப் போன இந்திய ராணுவம்தான் நமக்கு நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இதில் ஆயுதமும் இல்லை, சீருடையும் இல்லை. 18 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்கள் விண்ணப்பித்துத் தேர்வாகி, தங்களை அழைத்த ஒரு நாட்டுக்குச் செல்கிறார்கள். மொத்தம் 27 மாதங்கள். முதல் மூன்று மாதம் மொழிப் பயிற்சியும் வேலைப் பயிற்சியும். அதன் பின் இரண்டு ஆண்டுகள் ஒரு கிராமத்திலோ சிற்றூரிலோ அங்குள்ள மக்களைப் போலவே வாழ்ந்து வேலை செய்ய வேண்டும். பள்ளியில் பாடம் நடத்துதல், சுகாதாரம், விவசாயம், இளைஞர் பணி போன்றவை அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. அந்த ஊரில் எளிமையாக வாழப் போதுமான செலவுத்தொகை மாதாமாதம் கிடைக்கும். பணி முடித்து ஊர் திரும்பும்போது மறுவாழ்வு தொடங்க ஒரு தொகை தருவார்கள்.

1961இலிருந்து இன்றுவரை 140க்கும் மேற்பட்ட நாடுகளில் 2,40,000க்கும் அதிகமானோர் இப்படிப் பணியாற்றியிருக்கிறார்கள். மொராக்கோ, செனகல், ஜோர்டான், இந்தோனேசியா போன்ற முஸ்லிம் நாடுகளும் அவற்றுள் அடங்கும். நம் இந்தியாவிலும் 1961 முதல் 1976 வரை இத்திட்டம் இருந்தது. முதல் குழு பஞ்சாபுக்கு வந்தது. கோழி வளர்ப்பு, விவசாயம், சுகாதாரம் என்று பல துறைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வேலை செய்தார்கள்.

அவர்களில் ஒருவர் லில்லியன் கார்ட்டர். செவிலியரான இந்த அம்மையார் 1966இல், தமது 68ஆம் வயதில், பம்பாய் அருகே உள்ள விக்ரோலிக்கு வந்து அங்குள்ள மருத்துவமனையில் தொழுநோயாளிகள் உட்பட ஏழை மக்களுக்குப் பணி செய்தார். பத்தாண்டுகள் கழித்து இவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். பேரப்பிள்ளைகளோடு ஓய்வாக இருக்க வேண்டிய வயதில் மொழி தெரியாத ஊருக்கு வந்து புண்ணைக் கழுவிக் கட்டிய அந்தக் கைகளை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு கேள்வி

இனி, இது எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம். இளைஞர்களை இப்படி வெளிநாடுகளுக்கு அனுப்பலாம் என்ற யோசனை புதிதல்ல. ஹென்றி ராய்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினர் 1950களின் பிற்பகுதியிலேயே இதைப் பேசினார். 1960இல் செனட்டர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி மசோதாவே கொண்டுவந்தார். இரண்டும் காகிதத்தோடு நின்றன.

1960 அக்டோபர் 14ஆம் தேதி, ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தில் இருந்த ஜான் எஃப். கென்னடி மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தபோது அதிகாலை இரண்டு மணி. உறங்கச் செல்ல வேண்டியவர், அந்நேரத்திலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் காத்திருப்பதைக் கண்டு படிக்கட்டில் நின்றே சில நிமிடங்கள் பேசினார். மருத்துவராகப் போகிறவர்களில் எத்தனை பேர் கானா போன்ற நாட்டில் பணியாற்றத் தயார் என்று கேட்டார். திட்டம் எதையும் அவர் அறிவிக்கவில்லை. கேட்டார், போய்விட்டார்.

இந்த வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தலைவர்கள் மேடையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். இது போகவில்லை. ஆலன் கஸ்கின், ஜூடித் கஸ்கின் என்ற ஆராய்ச்சி மாணவத் தம்பதியர் பல்கலைக்கழக நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தாங்கள் போகத் தயார், மற்றவர்களும் முன்வர வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு ஒரு மனு தயாரித்துக் கையொப்பம் திரட்டினார்கள். சில வாரங்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். செய்தி கென்னடியின் குழுவுக்கு எட்டியது. நவம்பர் 2ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ கூட்டத்தில் அவர் இத்திட்டத்தை வாக்குறுதியாகவே அறிவித்தார். தேர்தலுக்கு முன்பே மாணவர்கள் அந்த மனுவை அவரிடம் நேரில் காட்டினார்கள்.

1961 மார்ச் 1ஆம் தேதி ஜனாதிபதியின் ஆணை பிறந்தது. ஆகஸ்ட் இறுதியில் முதல் குழு கானாவில் இறங்கியது. செப்டம்பர் 22ஆம் தேதி சட்டமாயிற்று. கையொப்பம் வாங்கிய அந்தத் தம்பதியர் என்ன செய்தார்கள்? தாய்லாந்துக்குப் போன முதல் குழுவில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிவிட்டுத் தாம் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒருமுறை கேட்டால் போதுமா?

போதாது. சட்டம் வந்துவிட்டால் திட்டம் நிலைத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்க முறையில், சட்டம் திட்டத்துக்கு உடல் தருகிறது என்றால் ஆண்டு நிதி ஒதுக்கீடுதான் அதன் மூச்சு. அந்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜனாதிபதி ஒவ்வோர் ஆண்டும் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று காங்கிரஸிடம் கேட்பார். அது கோரிக்கை மட்டுமே. பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் உள்ள நிதி ஒதுக்கீட்டுக் குழுக்கள் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். இரு சபைகளும் வெவ்வேறு தொகை சொன்னால் பேசி முடிவுக்கு வர வேண்டும். அக்டோபர் 1ஆம் தேதி புது நிதியாண்டு தொடங்கும். இந்த வழியில் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் ஒரு திட்டத்தின் கழுத்தை நெரித்துவிடலாம்.

பீஸ் கோர் அதை அனுபவித்தது. 1966இல் 15,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் களத்தில் இருந்தார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் எண்ணிக்கை சரிந்தது. 1971இல் அது வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுப் பெயரே மங்கியது. அந்நாட்களில் நிதித் துணைக்குழுவின் தலைவராக இருந்த ஓட்டோ பாஸ்மன் அதன் நிதியை வெட்டுவதில் பிடிவாதமாக நின்றார். 1980களின் தொடக்கத்தில் தொண்டர்கள் ஐயாயிரம் சொச்சம் ஆனார்கள். 1981இல்தான் காங்கிரஸ் அதை மீண்டும் தனி நிறுவனமாக்கியது.

இந்தச் சரிவு பணி முடித்துத் திரும்பியவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: தங்களுக்காகப் பேசத் தாங்களே ஒன்றுசேர வேண்டும். 1979இல் அவர்களுடைய தேசிய அமைப்பு உருவானது. அது செய்யும் வேலை இரகசியமானதும் அல்ல, பெரும் பணம் கேட்பதும் அல்ல. நிதிக் குழு கூடும் முன்பு, பீஸ் கோருக்கு இன்ன தொகை தர வேண்டும் என்று ஆதரவான ஓர் உறுப்பினர் கடிதம் எழுதுவார். மற்ற உறுப்பினர்கள் அதில் கையெழுத்திடலாம். அப்போது நாடெங்கும் உள்ள முன்னாள் தொண்டர்கள், அவர்களுடைய பெற்றோர், நண்பர்கள் எல்லாரும் தத்தம் தொகுதி உறுப்பினரைத் தொலைபேசியிலும் கடிதத்திலும் நேரிலும் அணுகி, ‘நீங்கள் அதில் கையெழுத்திட்டீர்களா?’ என்று கேட்பார்கள். கேட்பது இந்த ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அது எல்லாத் தொகுதியிலிருந்தும் வரும்.

பலன் இருந்ததா? மூன்று நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

2010 நிதியாண்டுக்கு ஜனாதிபதி ஒபாமா கேட்டது 37 கோடியே 30 லட்சம் டாலர். முந்தைய ஆண்டின் தொகை 34 கோடி. முன்னாள் தொண்டர்களும் அவர்களுடைய தோழமை அமைப்புகளும் விடாமல் வேலை செய்தார்கள். கொலம்பியாவில் பணியாற்றிய முன்னாள் தொண்டரான சாம் ஃபார் அப்போது காங்கிரஸ் உறுப்பினர். உள்ளே இருந்து அவர் முன்னின்றார். இறுதியில் கிடைத்தது 40 கோடி. ஜனாதிபதி கேட்டதைவிட அதிகம்.

2019 ஜூனில் பீஸ் கோரின் நிதி முழுவதையும் நீக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையில் ஒரு திருத்தம் வந்தது. ஆதரவு 110, எதிர்ப்பு 315. தோற்றது. ஆனால் 110 பேர் ஆதரித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 58 வயதான ஒரு திட்டத்துக்கும் இந்த நிலைதான்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 தொண்டர்கள் சில நாட்களில் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அவர்கள் சம்பள ஊழியர்கள் அல்லர் என்பதால் வேலையிழந்தோருக்கான உதவி கிடைக்குமா என்ற கேள்வி எழுந்தது. அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஏற்கெனவே அமைப்பு இருந்தது. அதே மாதம் நிறைவேறிய நிவாரணச் சட்டத்தில் பீஸ் கோருக்கு 8 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. திரும்பிய தொண்டர்களும் தொற்றுக்கால வேலையிழப்பு உதவிக்குத் தகுதியானவர்களாக ஏற்கப்பட்டார்கள். ஆபத்து வந்த பிறகு சங்கம் கட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

இத்தனை போராட்டமும் எவ்வளவு பணத்துக்கு? ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கும் மேல். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அந்நாட்டு மத்திய அரசின் மொத்தச் செலவு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது ஒரு காசுக்கும் குறைவு. அந்தச் சிறு தொகையையும் ஆண்டுதோறும் நினைவூட்டித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆதரிப்பது என்றால் புகழ்வது அல்ல

உங்களில் பலர் மனத்தில் இப்போது எழும் கேள்வி எனக்குத் தெரியும். ஒரு கையால் குண்டு போடும் அரசாங்கம் மறு கையால் ஆசிரியரை அனுப்பினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? நியாயமான கேள்வி. பனிப்போர்க் காலத்தில் தன் செல்வாக்கை வளர்க்கும் எண்ணமும் அந்த அரசுக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதே கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்கள் அந்தத் தொண்டர்களே. 1965இல் டொமினிக்கன் குடியரசில் அமெரிக்க ராணுவம் தலையிட்டபோது, அங்கிருந்த தொண்டர்கள் பலர் வெளியேறாமல் மருத்துவமனைகளில் நின்று காயம்பட்டவர்களுக்கு உதவினார்கள். தங்கள் ராணுவத்தை எதிர்த்து நின்றவர்களும் அந்தக் காயம்பட்டவர்களில் இருந்தார்கள். 1970 மே மாதத்தில் வியட்நாம் போரை எதிர்த்து, திரும்பி வந்த தொண்டர்களில் ஒரு குழுவினர் வாஷிங்டனில் இருந்த பீஸ் கோர் அலுவலகத்துக்குள்ளேயே போய் அமர்ந்துகொண்டார்கள். அவர்கள் செய்த எல்லாமும் சரியென்று நான் சொல்லவில்லை. அரசாங்கப் பணத்தில் சேவைக்குப் போனதால் அவர்கள் வாய் அடைபடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 2009இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் கேட் புஸே என்ற இளம்பெண் தொண்டர் கொல்லப்பட்டார். தாம் பணியாற்றிய பள்ளியில் ஒருவர் மாணவிகளிடம் தவறாக நடக்கிறார் என்று அவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்திருந்தார். அவருடைய குடும்பத்தாரும், பணியிடத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளான முன்னாள் தொண்டர்களும் 2011இல் காங்கிரஸ் முன் சாட்சி சொன்னார்கள். நிறுவனம் தங்களைக் கைவிட்டதை வெளிப்படையாகக் கூறினார்கள். அவ்வாண்டு நவம்பரில் தொண்டர் பாதுகாப்புக்கான சட்டம் அந்தப் பெண்ணின் பெயராலேயே வந்தது. தவறை வெளியே சொன்னால் நிதி போய்விடுமே என்று அவர்கள் மௌனமாக இருந்திருந்தால், இன்னும் எத்தனை பெண்பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருப்பார்களோ! நல்ல திட்டத்துக்குப் பணம் கேட்பவருக்கு, அது நேர்மையாக நடக்கிறதா என்று கணக்குக் கேட்கும் கடமையும் இருக்கிறது.

அந்த மகளின் கேள்விக்குப் பதில்

இப்போது சொல்கிறேன் மகளே. கித்மத் செய்பவரின் நிய்யத் அல்லாஹ்வுக்காக இருக்கட்டும். ஆனால் அவர் ஏறும் விமானத்துக்கு டிக்கெட் வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வேண்டும். அவரைக் கண்காணிக்கவும் ஆபத்தில் மீட்கவும் ஆட்கள் வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் அதை வசூலித்து நிர்வகிப்போரும் உண்டு என்று மக்தபில் படித்திருப்பாய். நன்மை நடப்பதற்கும் நிர்வாகச் செலவு உண்டு என்பதை நம் மார்க்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

அரசாங்கத்தின் பணம் என்பதும் யார் பணம்? மக்கள் வரியாகக் கொடுத்த பணம். அது ஆட்சியாளர் கையில் இருக்கும் அமானத். நம் பணம் நல்ல வழியில் போகட்டும் என்று அமானத்தை வைத்திருப்பவரிடம் சொல்வது கைநீட்டுதல் ஆகாது. சொல்லாமல் இருப்பதுதான் குறை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும்தான் இரண்டு ஆண்டு சம்பளமின்றிச் சேவைக்குப் போக முடியும் என்ற நிலை மாறுவதும் பொதுப்பணம் இருந்தால்தான்.

என் பீரோவில் ஒரு மனு

இந்தப் பாடத்தை எழுதும்போது ஒரு பழைய நினைவு உறுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதித் துணை சுகாதார நிலையத்துக்கு நிரந்தரமாக ஒரு செவிலியர் வேண்டும் என்று டிரஸ்ட் சார்பில் மனு எழுதினேன். ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். பதில் வரவில்லை. ‘அரசாங்கம் என்றால் அப்படித்தான்’ என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். நகல் இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

இப்போது எடுத்துப் படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை முதியோர் என்ற கணக்கு இல்லை. கையெழுத்து என்னுடையது ஒன்று மட்டும். மனு எண் வாங்கவில்லை. மறுமுறை போகவில்லை. அந்த மாணவத் தம்பதியர் ஆயிரம் பேரிடம் போனார்கள். நான் என் தெருவில் பத்துப் பேரிடம் கூடப் போகவில்லை. பழி முழுவதையும் அலுவலகத்தின் மேல் போட எனக்கு உரிமையில்லை.

ஆகவே இன்ஷா அல்லாஹ் அந்த மனுவை மீண்டும் எடுக்கிறோம். இவ்வரலாற்றிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை இவை:

1. ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. பத்து வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

2. கணக்கோடு கேட்க வேண்டும். எத்தனை பேருக்குத் தேவை, எவ்வளவு செலவு என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

3. பலரும் கேட்க வேண்டும். நம் மஹல்லா மட்டுமல்ல, அந்த நிலையத்தைப் பயன்படுத்தும் எல்லாச் சமுதாயத்தவரும் கையெழுத்திட வேண்டும். பெண்களின் கையெழுத்து முதலில் வரட்டும். தேவை அவர்களுடையது.

4. காலமறிந்து கேட்க வேண்டும். ஒதுக்கீடு முடிந்த பிறகு கேட்பது, பந்தி முடிந்த பிறகு இலை போடுவது போல.

5. கிடைத்தால் நன்றி சொல்லி, ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடி போக வேண்டும்.

வீட்டில் கலந்து பேச

1. மாணவர்களின் மனு இல்லாதிருந்தால் கென்னடியின் கேள்வி என்னவாகியிருக்கும்?

2. ஒரு திட்டத்தை ஆதரித்துக்கொண்டே அதன் தவறுகளைச் சொல்வது எப்படி?

3. லில்லியன் கார்ட்டர் 68 வயதில் புறப்பட்டார். நம் வீட்டில் பணி ஓய்வு பெற்றவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எதற்குத் தரலாம்?

கையெழுத்துப் படிவம் வரும் ஞாயிறு வகுப்பில் இருக்கும். கேள்வி கேட்ட அந்த மகளே முதலில் வீடு வீடாகச் செல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் உங்கள் கதவைத் தட்டும்போது ஒரு கையெழுத்தும், உங்கள் வீட்டில் அந்த நிலையத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் கொடுங்கள். துஆவும் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.

இவண்,
செயலாளர்